ஜனவரியில் சிவனொளிபாதமலை ஏற என்ன உடுத்துவது?

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு, அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அரைமணியில் வியர்வை கொட்டும். பருத்தி பனியன் அதைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு 2,243 மீட்டர் உச்சியில் விடியலுக்காக உட்காரும்போது, அந்த ஈரத்தில் காற்று பட்டதும் பல் கிட்டும். குளிரைவிட இந்த ஈரம்தான் ஆளை வாட்டுகிறது.

ஆகவே ஏறும்போது மெல்லிய பாலியெஸ்டர் டீ-ஷர்ட் ஒன்று போதும். மாற்று டீ-ஷர்ட், ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், குல்லா எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகுப்பையில் இருக்கட்டும். உச்சியை எட்டியதும், உடம்புச் சூடு ஆறுவதற்குள் ஈரச் சட்டையைக் கழற்றி மாற்றிவிடுங்கள். மேலே காலணி கழற்ற வேண்டும், தரை சில்லிடும். உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள்.

யாத்திரைப் பருவகாலத்தில் வழியெங்கும் தேநீர்க் கடைகள் உண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் போதும். கனத்த பூட்ஸ் தேவையில்லை; அடிப்பிடிப்புள்ள ஷூ போதும். இறங்கும்போது முழங்கால்தான் வலிக்கும், ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மே பௌர்ணமியோடு யாத்திரைப் பருவம் முடியும்; அதற்குப் பிறகு என்றால் கதையே வேறு: மழை, அட்டைப்பூச்சி, விளக்கில்லாத படிகள். மழைக்கோட்டு, தலைவிளக்கு, முழங்கால்வரை நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை மூன்றும் கட்டாயம்.