தாள் செழிக்கிறது, வெங்காயம் பருக்கவில்லை

கேள்வி: இணையத்தில் விதை வாங்கி மாடித் தொட்டிகளில் வெங்காயம் போட்டேன். ஐந்து மாதமாகியும் தாள்தான் தளதளவென்று நிற்கிறது, அடியில் பென்சில் கனம்கூட இல்லை. விற்றவரைக் கேட்டால் "உங்கள் மண் சரியில்லை" என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: மண் மோசமென்றால் தாளே இப்படிச் செழித்திருக்காது. ஆனாலும் விற்றவரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். தொட்டிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிறதா? செடிகள் நெருக்கியடித்து நிற்கின்றனவா? தழைச்சத்து உரத்தைத் தொடர்ந்து போட்டீர்களா? வெயில் குறைவு, நெருக்கம், தழைச்சத்து மிகுதி, இவற்றில் எதுவும் வெங்காயத்தைத் தாளோடு நிறுத்திவிடும்.

இவற்றில் குறையில்லை என்றால், ரகத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். வெங்காயம் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் அடி பருக்கும். குறும்பகல் ரகத்துக்கு 10 முதல் 12 மணி நேரப் பகல் போதும். நெடும்பகல் ரகத்துக்கு 14 மணி நேரமாவது வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பகல் அவ்வளவு நீளாது. அங்கே நெடும்பகல் விதையைப் போட்டால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் தாள்தான். பாக்கெட்டில் பெரிதாக அச்சிட வேண்டிய விவரம் இது. பலர் படத்தை மட்டும் அச்சிட்டு விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதனால் விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். "எல்லா இடத்துக்கும் ஏற்றது" என்றோ, ரகத்தைச் சொல்லாமலோ விற்றிருந்தால் தாராளமாகக் கேளுங்கள். அந்தப் பக்கம், பாக்கெட்டின் இருபுறம், பிடுங்கிய ஒரு செடி, மூன்றையும் படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள். நெடும்பகல் ரகம் என்று தெளிவாகப் போட்டிருந்து நீங்கள் கவனிக்கவில்லை என்றால், விற்றவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

அப்புறம், அடுத்த முறை பாக்கெட்டில் விதையைப் பரிசோதித்த தேதியையும் பாருங்கள். வெங்காய விதையின் ஆயுள் குறைவு. சாதாரணமாக வைத்திருந்தால் ஓராண்டுக்குப் பிறகு முளைப்புத்திறன் வேகமாக இறங்கும். வாங்கியதுமே பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். பத்து நாளில் பாதிகூட முளைக்காவிட்டால் உடனே புகார் செய்யுங்கள், மாதக்கணக்கில் தள்ளினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். விதைக்குப் பதில் நடவுக்கான சிறு வெங்காயம் வாங்கினால் விட்டம் 2 செ.மீ.க்கு உட்பட்டதையே எடுங்கள். பெரிதாக இருந்தால் சீக்கிரம் பூத்தண்டு விட்டுவிடும்.

இப்போது நிற்கும் தாளை அறுத்துச் சமைத்துவிடுங்கள். படம் எடுத்த பிறகு.