கணுக்கால் சுளுக்கை எண்ணெய் போட்டு நீவலாமா?

கேள்வி: என் வயது 46. இரண்டு நாட்களுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வெளிப்பக்கக் கணுக்கால் வீங்கி, நீலம் பாரித்திருக்கிறது. நொண்டி நொண்டி நடக்கிறேன். சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் இணைக்கும் தசைநார் இழுபட்டு, சில சமயம் கிழிந்தும் போகிறது. கூடவே நுண்ணிய ரத்தக் குழாய்களும் அறுபடுவதால்தான் அந்த நீலம். அந்த இடத்தை முதல் 3 நாட்களில் கட்டைவிரலால் அழுத்தி உருவினால் ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். கால் விரலைச் சுண்டி இழுக்கும்போது 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். விலகியது உள்ளே உட்கார்ந்துவிட்டது என்பார்கள். அது மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தம். சாதாரணச் சுளுக்கில் விலகிய எலும்பே கிடையாது, உட்காருவதற்கு.

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிய வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த ஓர் எளிய சோதனையை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும், கீழிருந்து 6 செ.மீ. உயரம் வரை, விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்தும் எலும்பையும், உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பையும் அவ்வாறே பாருங்கள். எலும்பின் மேலேயே சுரீர் என்று வலித்தாலோ, நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே அவசியம். நீங்கள் நடப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் நடக்க முடிகிறது என்பதாலேயே முறிவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த நாட்களில் க்ரேப் பேண்டேஜ், தலையணை மேல் உயர்த்திய கால், துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் போதும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் எப்போதுமே வெந்நீரில் கவனமாக இருக்க வேண்டும். சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

நான்காம் நாளிலிருந்து வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தால் நீவலாம். காலை உயர்த்தி வைத்து, உள்ளங்கையில் சிறிது நல்லெண்ணெய் தொட்டு, விரல்களிலிருந்து முழங்காலை நோக்கி ஒரே திசையில், தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெதுவாக 5 நிமிடம் நீவுங்கள். தேங்கிய நீரை ஏற்றிச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அழுத்தம் தேவையில்லை. எந்த எண்ணெயாக இருந்தாலும் வேலை ஒன்றுதான், வழுக்கிக் கொடுப்பது. பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் கெண்டைக்கால் தசையே பம்பு போல நீரை ஏற்றிவிடும். அதை மணிக்கொரு முறை செய்யலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மிகக் கண்டிப்பு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் கை வைக்கவே கூடாது. மாவுக்கட்டு போட்டிருந்தவர்கள், பல நாள் படுக்கையில் இருந்தவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அது காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். டெல்லியில் 2016-இல் கணுக்கால் முறிவுக்குக் கட்டுப் போட்டிருந்த 23 வயது இளைஞர், தாய் காலைப் பிடித்துவிட்ட பிறகு இப்படித்தான் இறந்தார்.

மசாஜ் வலியை மட்டுப்படுத்தும், பிடிப்பைத் தளர்த்தும். கிழிந்த தசைநாரை ஒட்டாது. வலி குறைந்ததும் சுவரருகே நின்று, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நிற்கப் பழகுங்கள். மறுபடி மடங்குவதைத் தடுக்க எண்ணெயைவிட இதுதான் உதவும். ஆறு வாரத்துக்குப் பிறகும் கால் திடீர் திடீரென்று பிசகினால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.