பயந்து பயணத்தை நிறுத்தினால் காசு திரும்புமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் சின்னதாகப் பயண முகவர் நிலையம் ஒன்று நடத்துகிறேன். பத்துமலை முருகனைத் தரிசிக்கவென்று 18 பேருக்கு மலேசியாப் பயணம் ஒழுங்குசெய்து, ரிக்கெற்றும் எடுத்தாயிற்று. அதற்குள், 2014இல் காணாமற்போன மலேசிய விமானம் எம்.எச். 370ஐத் தேடும் செய்தி மறுபடியும் அடிபட, கனடாவில் இருக்கும் பிள்ளைகள் "அம்மாவை அனுப்பாதேங்கோ" என்கிறார்கள். 6 பேர் முழுக்காசையும் திருப்பிக் கேட்கிறார்கள், பொலிசுக்குப் போவார்களாம். நான் கொடுத்தேயாக வேண்டுமா? விமானத்துக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு என் தலையிலும் விழுமா? ஒரு அம்மாவின் மகள், "பிளேன் காணாமப் போனா 7 வருசம் பாத்திருக்கோணுமோ?" என்று கேட்டா. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பதில்: விமான நிறுவனம் பறப்பை ரத்துச் செய்தால் ரிக்கெற் காசு திரும்ப வேண்டும். பயணி பயந்து நின்றால் அப்படியல்ல. எங்கள் உரோம-டச்சு ஒப்பந்தச் சட்டத்தில், செய்யவே முடியாமற் போனால்தான் ஒப்பந்தம் விழும். செய்யப் பயமாக இருக்கிறது என்பது போதாது. ஆகவே அந்த 6 பேருக்கும் ரிக்கெற்றின் கட்டண விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும். திருப்பித் தராத ரிக்கெற் என்றாலும், பயன்படுத்தாத விமான நிலைய வரிகளைப் பெரும்பாலும் மீளப் பெறலாம். அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை. பொலிசுக்குப் பயப்படத் தேவையில்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லாத இடத்தில் இது குடியியல் பிணக்கு. சிறு தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும்.

ஆனால் நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டின் பிரதியைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. மேலே உங்கள் நிலையத்தின் பெயர் பெரிய எழுத்தில்; கீழே "விமானம், தங்குமிடம், சாப்பாடு உட்பட" என்று ஒரே வரி, ஒரே தொகை. ரத்துச் செய்தால் என்ன என்று ஒரு சொல் இல்லை. எந்த விமானம் என்றும் இல்லை. இதை நீதிமன்றத்தில் வைத்தால், முழுப் பயணத்தையும் நீங்களே விற்றீர்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதாடுவார். ஹோட்டல், வாகனக் காசைப் பொறுத்தவரை அந்த வாதம் எடுபடவும் கூடும். அந்தப் பங்கில் நீங்கள் இன்னும் கட்டாத தொகையை மனம் கோணாமல் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியும் இந்தச் சீட்டில்தான் தொங்குகிறது. சர்வதேச விமானப் பயணத்தில் யார் பொறுப்பு என்பதை வகுக்கும் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, பயணி இறந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் விமானத்தில் ஏற்றிச் செல்பவர். விமான நிறுவனத்தின் பெயரில் ரிக்கெற் எடுத்துக் கொடுக்கும் முகவர் அதற்குள் வரமாட்டார். தன் பெயரிலேயே பயணத்தை ஒப்பந்தம் செய்தவரையோ அதே உடன்படிக்கை "ஒப்பந்தம் செய்த ஏற்றிச்செல்வோர்" என்று பிடிக்கும். அதனால் இனிமேல் சீட்டில் மூன்று தொகையாகப் பிரித்து எழுதுங்கள்: விமானக் கட்டணம், தங்குமிடம், உங்கள் சேவைக் கட்டணம். விமான விடயத்தில் நீங்கள் முகவர் மட்டுமே என்பதையும் எழுதி, கையொப்பம் வாங்குங்கள்.

அந்த மகளின் கேள்விக்கு வருகிறேன். அதை லேசாகக் கடக்க எனக்கு மனமில்லை. காணாமற்போனவருக்காக வாசலைப் பார்த்திருப்பது என்னவென்று எங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரம் 2016இல் எங்கள் சட்டத்துக்குள் வந்ததே அந்தக் காத்திருப்பால்தான்.

அந்த 7 ஆண்டு, இந்தியா, மலேசியா போன்ற நாடுகளின் சாட்சியச் சட்டங்களில் உள்ள கணக்கு. யாருக்கும் ஒரு தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளும் அனுமானம் அது. 2014 மார்ச் 8ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பீஜிங் போகும்போது 239 பேருடன் மறைந்த எம்.எச். 370 விடயத்தில் அவ்வளவு காலம் செல்லவில்லை. 2015 ஜனவரி 29ஆம் திகதி மலேசிய அரசு அதை விபத்தென்றும், எல்லோரும் இறந்ததாகக் கருதப்படுவதாகவும் அறிவித்தது. விமானத்தின் முதல் துண்டு ரியூனியன் தீவில் கரையொதுங்கியது அதற்கும் பிறகு, அதே ஆண்டு ஜூலையில்.

காத்திருக்கக் கூடாத கணக்கு வேறொன்று. நட்டஈட்டு வழக்குக்கு மொன்றியல் உடன்படிக்கை தருவது 2 ஆண்டுகள் மட்டும். விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கும். உடல் கிடைக்கும்வரை, கறுப்புப் பெட்டி கிடைக்கும்வரை என்று அது நிற்காது. எம்.எச். 370 குடும்பங்கள் பல, பிள்ளை திரும்புவான் என்ற நம்பிக்கையை விடாமலே, 2016 மார்ச் 8 நெருங்கும்போது அவசர அவசரமாக வழக்குப் போட்டதற்குக் காரணம் இதுதான். வழக்குப் போடுவது பிள்ளையைக் கைவிடுவதல்ல என்று அந்த மகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,51,880 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, நிரூபிக்கப்பட்ட இழப்புக்கு, தன்னில் பிழையில்லை என்று விமான நிறுவனம் தப்ப முடியாது. அதற்கு மேலே தப்ப வேண்டுமானால் தன் கவனக்குறைவு இல்லை என்பதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும். விமானமே கிடைக்காதபோது அதை எப்படி நிரூபிப்பது? காணாமற்போன விமானத்தில் இந்தச் சுமை குடும்பத்தின் தோளில் இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து போய்வர ஒரே ரிக்கெற் என்றால், "சேருமிடம்" கட்டுநாயக்காவே. வழக்கை இலங்கையில் தொடரலாம். ஆகவே ஒவ்வொருவரின் ரிக்கெற் பிரதியையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பயத்தை நீங்கள் எதிர்த்து வாதாட வேண்டாம். 2014இல் அந்தப் பயம் மலேசியா எயர்லைன்ஸ் நிறுவனத்தையே ஆட்டியது. அதே ஆண்டு ஜூலையில் அதன் இன்னொரு விமானமான எம்.எச். 17உம் சுட்டு வீழ்த்தப்பட, சுமார் 6,000 பேரின் வேலை போய், 2015 செப்டம்பரில் வேறு கம்பனியாகவே அது பறக்கத் தொடங்கியது. அதன்பிறகு மாறியதை மட்டும் சொல்லுங்கள். பெரிய பயணிகள் விமானங்கள் கடலுக்கு மேலேயும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தம் இடத்தை அறிவிக்க வேண்டுமென்ற சர்வதேச விதி 2018 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கறுப்புப் பெட்டியைத் தேடிப் பிடிக்க நீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவியின் மின்கலம் முன்பு 30 நாள் தாங்கும். இப்போது 90 நாள்.

அந்த 6 பேரையும் இந்தக் கிழமையே கூப்பிடுங்கள். கட்டண விதியின் பிரதியை மேசையில் வைத்து, எந்தத் தொகை திரும்பும், எது திரும்பாது என்று எழுதிக் கொடுங்கள். திகதியை மாற்ற விதி இடங்கொடுத்தால் அதையும் கேளுங்கள். பயணத் திகதிக்கு முன் ரத்துச் செய்யாமல் விட்டால், திரும்பக்கூடிய கொஞ்சமும் கையை விட்டுப் போய்விடும்.