தைப்பூசத்துக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடு

கேள்வி: பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறோம். பினாங்குத் தீவின் பாயான் பாருவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீடு 20 மாதமாகக் காலி. தைப்பூசம், தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்து அண்ணன் குடும்பம் வந்து தங்கும். வாடகைக்கு விட்டால் வீடு பாழாகிவிடும் என்கிறார் அண்ணன். வீட்டுக் கடன் தவணை கட்ட 20,000 ரிங்கிட் தனிநபர் கடன் வாங்கினோம், அந்தப் பணமும் செலவாகிவிட்டது. வீட்டை மறு அடமானம் வைத்துப் பணம் எடுத்து, ஏர்பிஎன்பிக்கு (பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது) மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இன்னொரு கடனும் வேண்டாம். வீட்டை மாத வாடகைக்கு விடுங்கள்.

நீங்கள் எழுதிய கணக்குப்படி தவணை 1,480, பராமரிப்பும் சிங்கிங் ஃபண்டும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) 264, வரி, காப்புறுதி, கழிவுநீர் சேர்த்துச் சுமார் 76. மாதம் 1,820 ரிங்கிட். அண்ணன் குடும்பம் வருடத்தில் தங்குவது 12 இரவு. அப்படியானால் ஓர் இரவுக்கு நீங்கள் கொடுப்பது 1,820 ரிங்கிட்! உங்களுக்கு வந்த 1,200 ரிங்கிட் வாடகையை அன்றே ஒத்துக்கொண்டிருந்தால் 20 மாதத்தில் 24,000 கைக்கு வந்திருக்கும். அந்தக் கடனே தேவைப்பட்டிருக்காது. 8% என்று வங்கி சொன்னது ஃபிளாட் வட்டி, அதாவது கடன் குறையக் குறையக் குறையாமல் முழுத் தொகைக்கும் போடும் வட்டி. ஐந்தாண்டில் 28,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். உண்மையான வட்டி சுமார் 14%.

ஏர்பிஎன்பி ஆசையை விடுங்கள். அடுக்குமாடியின் நிர்வாகக் குழு அதைத் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றமே 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. பினாங்கிலும் 2023 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. புதுப்பிக்கக் கடன் வாங்கிவிட்டு, பிறகு அனுமதி இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?

1,200க்குப் பதில் 1,350 ரிங்கிட் வாடகை வரும் வரை காத்திருப்பதும் நஷ்டம்தான். மூன்று மாதம் காலியாக இருந்தால் 3,600 போகும். கூடுதல் 150இல் அதை ஈடுகட்ட 24 மாதம் ஆகும்.

வீட்டைப் பாழாக்குவது பூட்டு. குளியலறைத் தரைக் குழியில் நிற்கும் நீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வரும். இன்றே ஒவ்வொரு குழியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஃபிளஷ் தொட்டியின் வாஷர், சுவரோடு ஒட்டிய அலமாரிகளின் பின்புறப் பூஞ்சை இரண்டையும் பாருங்கள். கசிவு கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கினால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

வாடகைக்கு விடும்போது இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகவும், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகையும் வாங்குங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டாமல் விடாதீர்கள். தகராறு வந்தால் முத்திரையில்லாத தாள் நீதிமன்றத்தில் நிற்காது. கையெழுத்துக்கு முன் அண்ணனிடம் உள்ள சாவியை வாங்கிவிடுங்கள். தைப்பூசத்துக்கு அவர்கள் உங்கள் வீட்டில் பாய் விரித்துத் தங்கட்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஃபெரி ஏறிப் போகலாம்.