அடுத்த வீட்டுச் சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் நண்பரும் கும்பகோணத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவு எனக்காகத் திறந்தே இருக்கும். பிற்பாடு அவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தொடங்கியபோது, என் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டுப் போய்க் கணக்கு எழுதிக் கொடுத்தேன், வங்கிக்கு அலைந்தேன். இன்று அவர் பெரிய நிலையில் இருக்கிறார். நிறுவனத்தின் வெள்ளிவிழாவில் என்னை ஒருவருக்கு அறிமுகப்படுத்தும்போது "இவர் எங்கள் ஊர்க்காரர்" என்றார். அவ்வளவுதான். இப்போது அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்திருக்கிறது. நேரில் வந்து வைக்கவில்லை. அறுபது வயதில் கேட்கிறேன்: சிறுவயது நட்பு என்பது பக்கத்து வீட்டில் இருந்ததால் வந்த பழக்கம் மட்டும்தானா? கல்யாணத்துக்கு நான் போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழக்கம்தான். அதனால் அதற்கு மதிப்புக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நட்பைப் பற்றிப் பேசும்போது நம் மரபு பழக்கத்தைக் கொஞ்சம் மட்டம் தட்டியே வந்திருக்கிறது. 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்கிறார் வள்ளுவர்; நட்புக்குச் சேர்ந்திருப்பதும் பழகுவதும் தேவையில்லை என்று பொருள். உரை சொல்ல வந்த பரிமேலழகர் அங்கே கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். நேரில் பார்க்காமலே நட்புக் கொண்டு, சேர்ந்து உயிர்விட்டவர்கள். பெரிய விஷயம்தான். ஆனால் பார்க்காத நண்பனிடம் ஒரு சௌகரியம் உண்டு. நம் வீட்டுக் கடன் அவனுக்குத் தெரியாது. அப்பா கோபத்தில் சோற்றுத் தட்டை விட்டெறிந்த சத்தம் அவன் காதில் விழுந்திருக்காது. அடுத்த வீட்டுப் பையனுக்கு எல்லாம் விழுந்திருக்கும்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர்கள் அமெரிக்க எழுத்தாளர்களான ஹார்ப்பர் லீயும் ட்ரூமன் கபோட்டியும். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் மன்ரோவில் என்ற சிற்றூரில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். நடுவே ஒரு கல்சுவர். லீ வக்கீல் வீட்டுப் பெண், பையன்களோடு மல்லுக்கு நிற்பவள். கபோட்டி ஒன்றரை வயது மூத்தவன், பார்க்கப் பூஞ்சை. பெற்றோர் பிரிந்துகொண்டிருந்ததால் தாய்வழி உறவினர் வீட்டில் விடப்பட்டவன். அவனை அடிக்க வந்த பையன்களை அவள் அடித்துத் துரத்தினாள். அவளுடைய அப்பா ஒரு பழைய அண்டர்வுட் தட்டச்சுப் பொறி கொடுத்தார். ஒருவர் கதை சொல்ல மற்றவர் தட்டச்சு செய்வது அவர்கள் விளையாட்டு. பிறகு அவன் அம்மாவோடு நியூயார்க் போய்விட்டான்; கோடை விடுமுறைக்கு மட்டும் வந்தான். இரண்டு பேரும் தத்தம் முதல் நாவலில் மற்றவரை ஒரு பாத்திரமாக்கிக்கொண்டார்கள். தங்களைப் பிணைத்தது ஒரு பொதுவான வேதனை என்று பின்னாளில் லீ சொல்லியிருக்கிறார்.

1959 நவம்பரில் கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்ற ஊரில் க்ளட்டர் குடும்பத்தினர் நால்வர் கொலையானார்கள். அதை எழுதக் கிளம்பிய கபோட்டிக்குத் துணையாக லீ போனார். அப்போது அவருடைய முதல் நாவல் எழுதி முடிக்கப்பட்டு அச்சுக்குக் காத்திருந்தது. கபோட்டியோ புகழ்பெற்ற எழுத்தாளர். ஆனால் அந்த விவசாய ஊரில் கபோட்டியின் கீச்சுக்குரலையும் உடையையும் பார்த்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. லீ போய் அடுப்படியில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் திறந்தார்கள். சிற்றூர்க்காரிக்குச் சிற்றூர் தெரியும். பார்த்தது கேட்டதையெல்லாம் சுமார் 150 பக்கம் தட்டச்சு செய்து நண்பரிடம் கொடுத்தார்.

1966-இல் அந்தக் கொலைகளைப் பற்றிய கபோட்டியின் 'இன் கோல்ட் ப்ளட்' புத்தகமாக வந்தது. சமர்ப்பணத்தில் லீயின் பெயர் உண்டு, கபோட்டியின் துணைவர் ஜாக் டன்ஃபியின் பெயரோடு சேர்ந்து. நன்றியுரையில் இல்லை. அந்த 150 பக்கங்களைப் பற்றிப் புத்தகத்தில் எங்கும் ஒரு சொல் இல்லை. 'எங்கள் ஊர்க்காரர்' என்று சொன்ன மாதிரிதான்.

இதோடு கதை முடிந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இடையிலேயே வேறொன்று நடந்துவிட்டது. 1960-இல் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளியானது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. கபோட்டிக்குக் கடைசிவரை கிடைக்காத பரிசு அது. விற்பனையோ கோடிக்கணக்கில். அந்த நாவலை உண்மையில் கபோட்டிதான் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு வதந்தி பல ஆண்டுகள் உலவியது. அவர் அதை உறுதியாக மறுக்கவில்லை. 1959 ஜூலையில் தன் தாயின் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், நெல் (வீட்டில் லீயை அப்படித்தான் அழைப்பார்கள்) தன் புத்தகத்தில் அதுவரை எழுதியிருந்ததைப் படித்தேன், பிடித்திருந்தது, அவளுக்குத் திறமை இருக்கிறது என்று தாமே சொன்னவர்தான் அவர். ஊரார் பேசியபோது அந்த இரண்டு வரியைச் சொல்ல மனம் வரவில்லை. விற்பனையாகும் நாவல் ஒன்றை நான் எழுதிவிட்டேன், அதை ட்ரூமனால் மன்னிக்க முடியவில்லை என்ற பொருளில் லீ முதுமையில் ஒரு நண்பருக்கு எழுதினார். 1984-இல் கபோட்டி இறந்தபோது பழைய நெருக்கம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் ஓய்வில்லை: லீயின் அம்மா குழந்தையான லீயைக் குளியல் தொட்டியில் மூழ்கடிக்கப் பார்த்தார் என்று கபோட்டி சொல்லிவைத்த கதை கபோட்டியின் வாழ்க்கை வரலாற்று நூலில் அச்சேறியது. லீ கொதித்துப்போய் அதை மறுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொன்னால் ஊர் நம்பும் அல்லவா!

இருவரில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. கபோட்டி எத்தனையோ எழுத்தாளர்களின் வெற்றியைப் பார்த்தவர். இந்த ஒரு வெற்றியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரே தட்டச்சுப் பொறியில் தொடங்கியவர்கள் என்பதுதான் காரணம். முன்பின் தெரியாதவன் உயர்ந்தால் அது செய்தி. கொல்லைக் கதவு வழியே வந்துபோனவன் உயர்ந்தால் அது நம்மைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

உங்கள் நண்பர் பக்கமிருந்தும் பாருங்கள். உங்களை அந்த விழாவில் சரியாக அறிமுகப்படுத்த வேண்டுமானால் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கடனுக்கு அலைந்ததை, கணக்கு எழுத ஒரு ஆள் வைக்க வழியில்லாமல் இருந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சில பணக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரால் முடியவில்லை. மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் அங்கே நிற்பதே அவருக்கு நினைவூட்டல். சாட்சியை யாருக்கும் மேடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வருத்தம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தால் வந்ததா, அல்லது அவருக்கு ஒரு வெள்ளிவிழா நடந்ததிலும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கிறதா? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

திருக்குறளில் நாள்பட்ட நட்பைப் பற்றி 'பழைமை' என்று ஓர் அதிகாரம் இருப்பதை நட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் கேஸ் அங்கேதான் வருகிறது. 'பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்.' நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்தால், அறியாமல் செய்தார் என்றோ, அளவுமீறிய உரிமையால் செய்தார் என்றோ எடுத்துக்கொள் என்கிறார். நான் இதை முழுவதும் நம்புகிறவன் இல்லை. மூன்றாவதாகக் கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கூரியரில் மூன்றும் கலந்திருக்கலாம். 'அவனுக்குப் போய்ப் பத்திரிகை வைப்பதா' என்று உங்கள் நண்பர் நினைத்திருந்தால், அதற்கு இரண்டு நேர் எதிரான பொருள்கள் உண்டு. எது சரி என்று நேரில் அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அரை நூற்றாண்டாகப் பார்த்த முகம்.

கல்யாணத்துக்குப் போங்கள். முகூர்த்த நேரத்துக்குப் போய் வரிசையில் நின்று மொய்க்கவர் கொடுத்துவிட்டு வருவதானால் போகவே வேண்டாம். முதல் நாள் மதியமே மண்டபத்துக்குப் போய்விடுங்கள். பந்திப் பொறுப்பையோ வருகிறவர்களைக் கவனிக்கும் வேலையையோ கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது நீங்கள் யார் என்று கேட்டால், பக்கத்து வீடு என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.