வாலரண்ட்: டீமில் எந்த வேலை காலியாக இருக்கிறது?

வாலரண்ட், ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் ஆடும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். ஒரு டீம் ஸ்பைக் என்ற குண்டை சைட் என்ற இடத்தில் வைக்கப் பார்க்கும், மற்றது தடுக்கும். ஒவ்வொருவரும் எடுக்கும் பாத்திரம்தான் ஏஜென்ட். "எந்த ஏஜென்ட் பெஸ்ட்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மேப் எது, கூட வரும் நாலு பேர் யாரை எடுத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் மேப்பையோ டீமையோ குறிப்பிட்டு வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம். பேட்ச் வரும்போது சில நொடிக் கணக்கும் விலையும் மாறலாம். வேலைப் பிரிவினை அவ்வளவு சுலபத்தில் மாறாது.

மூன்று பேர் டூயலிஸ்டை (முதலில் பாய்ந்து சண்டை போடும் ரோல்) எடுத்த எடுப்பிலேயே லாக் செய்துவிடுகிறார்கள், நாலாவது ஆள் ஸோவா (எதிரி இருக்கும் இடத்தைக் காட்டித் தரும் இனிஷியேட்டர்). நான் வழக்கமாக ஆடுவது சென்டினல் (சைட்டையும் முதுகுப் பக்கத்தையும் காக்கும் ரோல்). அதையே எடுக்கட்டுமா?

வேண்டாம். ஸ்மோக் (பார்வையை மறைக்கும் புகை) போடும் கன்ட்ரோலரை எடுங்கள்.

அசென்ட் மேப்பில் ஏ மெயின் (ஏ சைட்டுக்குப் போகும் முக்கிய வழி) வழியாக சைட்டுக்குள் நுழைவதை வைத்துப் பாருங்கள். ஹெவனில் (சைட்டை மேலிருந்து பார்க்கும் இடம்) ஒருவன், ட்ரீ பக்கம் ஒருவன், சைட்டுக்குள் பெட்டி மறைவில் ஒருவன் என்று மூன்று பேர் மூன்று திசையில் காத்திருக்கலாம். தலையை நீட்டியதும் மூன்று துப்பாக்கியும் உங்கள் பக்கம் திரும்பும். ஹெவனுக்கு ஒரு ஸ்மோக், ட்ரீக்கு ஒரு ஸ்மோக் விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஒருவனை மட்டும் சமாளித்தால் போதும். மூன்று டூயலிஸ்டுகள் சேர்ந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஜெட்டின் ஸ்மோக் சில நொடியில் கலைந்துவிடும். ஃபீனிக்ஸின் நெருப்புச் சுவரும் அதிக நேரம் நிற்காது.

சென்டினல் இல்லாவிட்டால் போவது முதுகுப் பக்கப் பாதுகாப்பு. அது உண்மையான இழப்புதான். ஆனால் ஃப்ளாங்கை ஒரு ஆள் நின்று பார்த்துக்கொள்ளலாம், ஸ்மோக்குக்குப் பதிலாக ஆள் நிற்க முடியாது. கடைசியாக உள்ளே வருபவர் பின்னால் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் ரவுண்டிலேயே சொல்லிவிடுங்கள்.

புதிதாக ஸ்மோக் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். முதலாவது நேரம். ஓமென் என்ற கன்ட்ரோலரின் ஸ்மோக் 15 நொடிதான் நிற்கும். தடுப்பு விலகியதுமே போட்டுவிட்டால், டீம் மெயினுக்கு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்திருக்கும். டூயலிஸ்ட் மெயினின் கடைசி மூலைக்கு வந்த பிறகு போடுங்கள். இரண்டாவது இடம். ஸ்மோக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு விட்டால், உள்ளே நிற்பவனுக்கு நம் கால் தெரியும், நமக்கு அவன் தெரியமாட்டான். கஸ்டம் கேமில் எதிரி நிற்கும் இடத்துக்கே போய் நின்று, நம் ஸ்மோக் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தப் பிழை நின்றுவிடும்.

கன்ட்ரோலரை ஏற்கெனவே வேறொருவர் எடுத்திருந்தால் தாராளமாக சென்டினலுக்குப் போங்கள், முக்கியமாக மூன்று சைட் உள்ள ஹேவன், லோட்டஸ் மேப்களில்.

ஓமென், பிரிம்ஸ்டோன், க்ளோவ் மூன்றில் தெரியாத ஆட்களோடு ஆட எது சரி?

உங்கள் டீம் ஆடும் வேகத்தைப் பொறுத்தது. பிரிம்ஸ்டோனிடம் மூன்று ஸ்மோக் உண்டு. மூன்றையும் மேப்பைத் திறந்து ஒரே நேரத்தில் இறக்கலாம், ஒவ்வொன்றும் 19.25 நொடி நிற்கும். ஆனால் அந்த ரவுண்டில் அவை திரும்ப வராது, தூர வரம்பும் உண்டு. வேகமாக ஒரே சைட்டில் பாய்கிற டீமுக்கு அவர் பொருந்துவார். பாதி வழியில் "ஏ வேண்டாம், பி போலாம்" என்று மனம் மாறுகிற டீமோடு ஆடினால் கை வெறுமையாகிவிடும். தெரியாத ஆட்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான். அவர்களோடு ஓமென் நல்லது. இரண்டு ஸ்மோக்கும் செலவான பின் நேரம் போகப் போக ஒவ்வொன்றாக மீண்டு வரும், ரொம்பத் தூரத்துக்கும் போடலாம்.

க்ளோவால் செத்த பிறகும் ஸ்மோக் போட முடியும். டூயலிஸ்ட் ஆடிப் பழகி, முன்னால் போய்ச் சண்டை போடாமல் இருக்க முடியாதவர்கள் கன்ட்ரோலருக்கு மாற இதுதான் எளிய வழி. ஒரு எச்சரிக்கை: செத்த பிறகு போடும் ஸ்மோக் செத்த இடத்தைச் சுற்றித்தான் விழும், அதிக நேரமும் நிற்காது. அதை நம்பி வேண்டுமென்றே முதலில் சாவது டீமுக்கு நஷ்டம்.

ஜெட் ஆடுகிறேன். எல்லா ரவுண்டிலும் நான்தான் முதலில் சாகிறேன், டீம் திட்டுகிறது. ரோல் மாற்றட்டுமா?

முதலில் சாவது தப்பில்லை. உங்களைக் கொன்றவன் அடுத்த இரண்டு மூன்று நொடியில் செத்தானா என்பதுதான் கேள்வி. மேட்ச் முடிந்ததும் ரவுண்ட் வாரியான டைம்லைனைத் திறந்து பாருங்கள். செத்திருந்தால் நீங்கள் உங்கள் வேலையைச் செய்திருக்கிறீர்கள், இடமும் கிடைத்திருக்கிறது. அவன் நிம்மதியாக நின்றிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: நீங்கள் தனியாகப் போனீர்கள், அல்லது பின்னால் வரவேண்டியவர் வரவில்லை.

வரிசை இப்படி இருக்க வேண்டும். ஸ்மோக் விழுகிறது. இனிஷியேட்டரின் ஃப்ளாஷோ (கண்ணைக் குருடாக்கும் வெளிச்சம்) அம்போ போகிறது. ஜெட் டேஷைத் (சட்டென்று பாயும் திறன்) தயார் செய்கிறார். இந்தத் தயார் நிலை சில நொடிதான் நீடிக்கும் என்பதால் ஃப்ளாஷுக்கு ரொம்ப முன்னால் அழுத்தினால் வீண். பிறகு சொந்த ஸ்மோக்கை சைட்டுக்குள் எறிந்து அதற்குள்ளேயே பாய்கிறார். எல்லா எதிரியும் அந்தப் பக்கம் திரும்பும் அதே கணத்தில் இரண்டாவது ஆள் மெயினிலிருந்து வெளியே வர வேண்டும். அவர் உங்களுக்கு இரண்டு மூன்று எட்டுக்குள் இருக்கிறாரா என்று மினிமேப்பில் பார்த்துவிட்டு டேஷ் அடியுங்கள். இல்லையென்றால் நில்லுங்கள். ரவுண்டுக்கு 100 நொடி இருக்கிறது, ஐந்து நொடி காத்திருந்தால் ஒன்றும் ஆகாது.

டீமில் முதலில் நுழைய வேறு யாரும் இல்லாதபோது ரேனாவை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். எதிரி ஒருவன் விழுந்த பிறகுதான் ரேனாவால் உடம்பைத் தேற்றவோ தப்பிக்கவோ முடியும். ஆகவே அவர் இரண்டாவதாக நுழைய ஏற்றவர். முதல் ஆளாகப் போக ஜெட், ரேஸ், நியான் போல உடம்பைச் சட்டென்று நகர்த்தும் கருவி உள்ளவர் வேண்டும்.

புதியவள் என்பதால் எல்லோரும் என்னை சேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். சேஜ் சுலபமா?

பட்டன்கள் சுலபம். ஆனால் சேஜ் டீமின் டாக்டர் இல்லை, சென்டினல். சுவரும் தரையை உறைய வைக்கும் உருண்டையும்தான் முக்கிய ஆயுதம். தடுக்கும் பக்கம் ஆடும்போது ஒரு வேக ரஷ்ஷைச் சில நொடி நிறுத்திவைத்தால், மற்ற இருவர் ஓடி வந்து சேர்ந்துவிடுவார்கள். ஹீல் கொடுப்பதற்காகவே டூயலிஸ்ட் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் சைட் திறந்து கிடக்கும்.

கில்ஜாயின் டர்ரெட் (தானாகச் சுடும் கருவி) நடு ரவுண்டில் தானாகவே அணைந்துவிடுகிறது. பக்-ஆ?

பக் இல்லை. 40 மீட்டருக்கு மேல் விலகிப் போனால் டர்ரெட்டும் அலாரம்பாட்டும் செயல் இழக்கும், திரும்ப வந்தால் விழித்துக்கொள்ளும். கில்ஜாய் ஒரு சைட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பவர். பொறியை ஓரிடத்தில் வைத்துவிட்டு மேப்பின் மறுகோடியில் திரிய ஆசைப்பட்டால் சைஃபர் எடுங்கள். அவருடைய கம்பிகளுக்கு அந்தத் தூரக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரு பொது விதி உண்டு: நீங்கள் செத்தால் வைத்ததெல்லாம் அணைந்துவிடும். ஆகவே சென்டினல் எடுத்தவர் ஆரம்பத்திலேயே வீரம் காட்டி எட்டிப் பார்ப்பது, ஃப்ளாங்கில் வைத்த காவலைத் தானே கலைத்துவிடுவதற்குச் சமம்.

இனிஷியேட்டரில் ஸோவா, பிரீச் இரண்டும் பழகியிருக்கிறேன். எப்போது எதை எடுப்பது?

வெட்டவெளி அதிகமுள்ள அசென்ட், பிரீஸ், ஐஸ்பாக்ஸ் மேப்களில் ஸோவா. அம்பு உயரமாகப் பறந்து தூரத்தில் விழ அங்கே இடமிருக்கிறது. சுவர்கள் நெருங்கி நிற்கும் ஃப்ராக்சர், லோட்டஸ், ஸ்ப்ளிட் மேப்களில் பிரீச். அவருடைய ஃப்ளாஷ் சுவரைத் துளைத்துப் போகும், நடுக்கமும் அப்படித்தான். ஆனால் பிரீஸின் பெரிய வெளியில் துளைக்கச் சுவரே பக்கத்தில் இருக்காது.

மேப்பைவிட முக்கியமான இன்னொன்று, டீமில் மைக் போட்டுப் பேசுகிறார்களா என்பது. ஸோவாவின் அம்பு காட்டும் எதிரி உருவம் எல்லோர் திரையிலும் தெரியும், யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. பிரீச்சின் ஃப்ளாஷ் சொல்லாமல் போனால் நம் ஆட்கள் கண்ணைத்தான் குருடாக்கும். பேசாத டீமில் பிரீச் எடுக்காதீர்கள். எதிர் டீம் கில்ஜாய், சைஃபர் பொறிகளை வைத்தே ஜெயித்துக்கொண்டிருந்தால் கே/ஓவையும் பழகி வையுங்கள். அவர் கத்தி எதிரிகளின் திறன்களைச் சிறிது நேரம் முடக்குவதோடு, சிக்கியது யார் என்றும் காட்டிக்கொடுக்கும்.

புது அக்கவுண்ட். ரேங்க் ஆடும் முன் எத்தனை ஏஜென்ட் பழக வேண்டும்?

இரண்டு போதும், ஆனால் இரண்டும் வேறு வேறு ரோலாக இருக்கட்டும், அதில் ஒன்று கன்ட்ரோலராக இருக்கட்டும். ஒரே ஏஜென்டை ஒரு டீமில் இரண்டு பேர் எடுக்க முடியாது என்பதால், ஒன்றே ஒன்று தெரிந்தவர் பாதி நேரம் தெரியாததைத்தான் ஆட வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே ஜெட், ஃபீனிக்ஸ், சேஜ், ஸோவா, பிரிம்ஸ்டோன் ஐந்தும் இலவசம், நான்கு ரோலும் அதில் அடங்கிவிடுகிறது. லெவல் 20 வரை ரேங்க் திறக்காது. அதுவரை பிரிம்ஸ்டோனையும் ஸோவாவையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். ஃபீனிக்ஸை டெத்மேட்சில் பழகலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கே திறன்கள் வேலை செய்யாது.

நண்பர்கள் ஐந்து பேர் டீமாக ஆடுகிறோம். ரோல் பிரித்தாயிற்று, ஆனால் ஆபரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை யார் வாங்குவது என்று சண்டை.

காசு கணக்கு ரோலோடு ஒட்டியது. ஆபரேட்டர் 4700, பெரிய கவசம் 1000, ஆக 5700. ஒரு குண்டு தவறினால் அடுத்ததற்குள் எதிரி உங்களைச் சுட்டுவிடுவான் என்பதால், சுட்ட கையோடு இடத்தைவிட்டு மறையத் தெரிந்தவருக்கே அது லாபம்: ஜெட்டுக்கு டேஷ், சேம்பருக்கு டெலிபோர்ட். கன்ட்ரோலர் வாங்கினால் ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே ஸ்மோக்கையும் கவனிக்க வேண்டியிருக்கும், இரண்டும் கெடும்.

கன்ட்ரோலருக்கும் இனிஷியேட்டருக்கும் வேறு கணக்கு. வேண்டல் அல்லது ஃபேன்டம் துப்பாக்கி 2900, கவசம் 1000, சேர்த்து 3900. அதற்கு மேல் திறன்களுக்கும் கொஞ்சம் வேண்டும். கையில் சரியாக 3900 இருந்தால் சின்னக் கவசம் 400க்கு வாங்கி, மிச்சம் 600ஐ ஸ்மோக்குக்கும் ஃப்ளாஷுக்கும் வையுங்கள். பணம் மிஞ்சும் டூயலிஸ்ட் இவர்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாம், திறன்களை யாரும் வாங்கித் தர முடியாது. முதல் ரவுண்டின் 800இலும் இதே கணக்குதான்: கோஸ்ட் கைத்துப்பாக்கி 500 போக 300 திறன்களுக்கு.

ஸ்பைக்கை பிளான்ட் செய்தபின் யார் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். வெடிக்க 45 நொடி, டிஃப்யூஸ் செய்ய, அதாவது செயலிழக்க வைக்க 7 நொடி. பிரிம்ஸ்டோனின் தீக்குண்டு, வைப்பரின் அமிலம், ஸோவாவின் ஷாக் அம்பு எல்லாம் தூரத்திலிருந்தே டிஃப்யூஸைத் தடுக்கும். எதிரி ஏற்கெனவே பாதி, அதாவது 3.5 நொடி முடித்திருந்தால் அது அப்படியே நிற்கும், மறுபடி தொட்டால் மீதிப் பாதிதான். உயரமாக எறிந்த தீக்குண்டு கீழே விழவே சில நொடி ஆகும் என்பதால், பாதி முடிந்துவிட்ட ஸ்பைக்குக்கு டிஃப்யூஸ் சத்தம் கேட்ட உடனே எறிய வேண்டும், யோசிக்க நேரமில்லை.