கைவிட்ட தேயிலை மலையா, பழைய மரக்கறிக் காணியா: மாடு மேய்க்க எதை எடுக்கலாம்?

நுவரெலியாப் பக்கம் கைவிட்ட தேயிலை மலை ஒன்றும் கிழங்கு போட்ட மரக்கறிக் காணி ஒன்றும் பார்த்திருப்பதாகச் சொல்லி, மாடு மேய்க்க எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சையைப் பார்த்து ஏமாறாமல் முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். பல வருடம் அமோனியம் சல்பேட் உரம் போட்ட மலையில் அது இன்னும் இறங்கியிருக்கும். அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். போடும் பொஸ்பரசையும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிக்கூயுப் புல் ஓரளவு தாங்கும். குளோவர் என்ற அவரையினத் தீவனச் செடிக்கு பிஎச் 6 அளவிலாவது வேண்டும். டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போட்டால் புளிப்பு குறையும், மக்னீசியமும் சேரும். ஆனால் ஒரே மழையில் மாறிவிடாது, மாதக்கணக்காகும்.

ஆடு வளர்க்கும் எண்ணம் இருந்தால் செம்பையும் அளக்கச் சொல்லுங்கள். தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்குப் பல்லாண்டு அடித்த செம்பு மருந்து மேல்மண்ணில் தங்கும். மாடு தாங்கும், செம்மறி தாங்காது.

கிழங்கு போட்ட காணியில் பிரச்சினை தலைகீழ்: பொஸ்பரஸ் மிதமிஞ்சிக் கிடக்கலாம். பொட்டாசியமும் கூடியிருந்தால் புல் மக்னீசியத்தைக் குறைவாகவே எடுக்கும், அதைத் தின்னும் பால்மாடு மக்னீசியம் போதாமல் நடுங்கி விழலாம்.

மாதிரியைச் சாணி கிடந்த இடத்திலோ பாதையோரத்திலோ எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தோண்டி, கலந்து கொடுங்கள். மலையுச்சியும் பள்ளமும் தனித்தனிப் பையில்.

என்னைக் கேட்டால், சரிவு குறைவென்றால் கிழங்குக் காணியே.